மூன்றாம் உலகத்துக் கஞ்சி

அல்போன்சம்மாளின் இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவி தொங்கும். வீட்டுச் சாவி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுச் சாவியை அவள் பூந்தொட்டிக்கு அடியில் போட்டுவிட்டுத் தேக்கா சந்தைக்குப் போய்வந்துவிடுவாள். இடுப்பில் தொங்கியது மாதா கோயில் சமையற்கட்டின் சாவி. சிங்கப்பூரில் அவள் வீடிருக்கும் ஜாலான் புசாரிலிருந்து நடந்தே போய்விடலாம் அந்தக் கோயிலுக்கு. தமிழ்ப் பூசை முடிந்தால் கூட்டம் உடனே கலையாது. மண்டபத்தில் நின்று ஊர்க்கதை பேசும். மண்டபத்துக்குப் பின்னால் சமையற்கட்டு. பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சியானாலும் சரி, மாதா திருவிழாப் பிரியாணியானாலும் சரி, அந்தக் கதவு அவள் இடுப்பிலிருந்துதான் திறக்கவேண்டும். பழங்காலத்துப் பூட்டு. சாவியும் பூட்டும் சேர்ந்தே தேய்ந்தவை, வயதான புருஷன் பெண்டாட்டி மாதிரி.

"உன்னைப் புதைக்கிறப்ப அந்தச் சாவியையும் சேர்த்துத்தான் புதைக்கணும்" என்பார் அவள் கணவர் சவரிராஜ்.

"புதைங்க. மோட்சத்துலயும் சமையற்கட்டு இருக்கும்ல" என்பாள் அவள்.

அப்படிப்பட்டவள், எழுபத்தொன்பதாம் வருஷத்துத் தவக்காலத்தில் அந்தச் சாவியை இழக்கப் பார்த்தாள். அதற்குக் காரணம் உர்சுலா. இல்லை, உர்சுலாவைக் காரணம் சொல்லக்கூடாது. காரணம் அல்போன்சம்மாளின் வயிற்றுக்குள் இருந்தது.

உர்சுலா அல்போன்சம்மாள் இருந்த அடுக்குவீட்டில் அதே மாடியில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். வயதில் இளையவள். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்ப்பவரின் மனைவி. அவளுடைய அண்ணன் மெல்போர்னில் குடியேறி, வீடு வாங்கி, தங்கைக்கு விமான டிக்கெட் அனுப்பினான். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். வரும்போது இந்த ஊர் வெயிலுக்கு உதவாத ஒரு கம்பளிக் கோட்டு கொண்டுவந்தாள். வந்த கையோடு மின்சார அடுப்புப் பெட்டி ஒன்று வாங்கி அதில் கோழி சுடத் தொடங்கினாள். இவற்றோடு கொஞ்சம் புதுச் சொற்களும் கூடவே வந்திருந்தன.

தாழ்வாரத்தில் துணி காயப்போடும்போது அந்தச் சொற்கள் வெளியே வந்தன.

"அங்கல்லாம் ரோட்டுல ஒரு குப்பை கிடையாதுக்கா."

"இங்க மட்டும் கிடக்குதா? போட்டா ஃபைன் கட்டணும்லா" என்றாள் அல்போன்சம்மாள்.

"அது வேறக்கா. அது டெவலப்ட் கண்ட்ரி. நம்மளை அவங்க இன்னும் டெவலப்பிங்னுதான் சொல்றாங்க. வளர்ந்துகிட்டிருக்கிற நாடாம்."

"வளர்றது நல்லதுதானே? வளர்ந்து முடிஞ்சப்புறம் என்ன இருக்கு, கூன் விழவேண்டியதுதான்."

உர்சுலா வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த சவரிராஜும் சிரித்தார். அல்போன்சம்மாளும் ஜெயித்தவள் போலத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தச் சொல் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏன் உறுத்தியது என்று சொல்கிறேன். திருச்சிப் பக்கத்தில் அவளுக்குத் தம்பி குடும்பம் உண்டு. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறி ஊருக்குப் போவாள். கோடாலித் தைலமும் நைலக்ஸ் சேலையும் பெட்டி நிறையக் கொண்டுபோவாள். "சிங்கப்பூர் அத்தை வந்துட்டாங்க" என்று தெருவே திரண்டு வரும். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதை இழுத்துப்போட்டு, தோளில் கிடந்த துண்டால் தட்டிவிட்டு, "உட்காருக்கா" என்பான் தம்பி. மற்ற எல்லோரும் தரையில். அவள் மட்டும் நாற்காலியில். அந்த நாற்காலியில் உட்கார்ந்த சுகம் அவளுக்கு அடுத்த பயணம் வரைக்கும் காணும். இப்போது உர்சுலா ஒரே வார்த்தையில் அந்த நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இவளுக்கு மேலேயும் ஒரு உலகம் இருக்கிறதாம், அங்கே இவள் தரையில் உட்காருகிறவளாம்.

போதாக்குறைக்கு அந்தப் புட்டிங். ஒருநாள் உர்சுலா கிண்ணத்தில் புட்டிங் கொடுத்தனுப்பினாள். சவரிராஜ் கிண்ணத்தை வழித்து, விரலையும் நக்கினார். முப்பது வருஷமாக இவள் ஆக்கிப் போட்டதை ஒருநாள் இப்படி நக்கியிருப்பாரா அந்த மனுஷன்? கிண்ணத்தைக் கழுவினாள். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கத்தில் கிடையாதே. அதற்காகவே முறுக்கு சுட்டு நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஐயோ, இதுக்குத்தான்க்கா அங்க ஏங்கிப் போனேன்" என்றாள் உர்சுலா.

அதையும் அல்போன்சம்மாள் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. பார், முறுக்குக்குக்கூட மெல்போர்னை இழுக்கிறாள் என்றுதான் தோன்றியது.

இந்த நேரத்தில்தான் ஆம்ப்ரோஸ் சாமி அந்த யோசனையைக் கொண்டுவந்தார். புதிதாக வந்திருந்த இளம் சாமியார், வெளிநாட்டில் படித்தவர், நல்ல மனசு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்களை மண்டபத்தில் உட்காரவைத்தார்.

"இந்தத் தவக்காலத்துல ஒரு விருந்து வைக்கப்போறோம். ஆனா வயிறு நிறையிற விருந்து இல்லை" என்று தொடங்கினார். "பணக்கார நாடுகளை முதல் உலகம்னு சொல்றாங்க. ரஷ்யா பக்கத்து நாடுகளெல்லாம் ரெண்டாம் உலகம். மிச்சமிருக்கிற ஏழை நாடுகள் மூணாம் உலகம்."

"அப்ப நாலாம் உலகம் எது சாமி?" என்று கேட்டாள் பிலோமினம்மாள். மரியாயின் சேனைத் தலைவி அவள். கேள்வி கேட்காமல் ஒரு கூட்டமும் விடமாட்டாள்.

"அது மோட்சம். அங்க போறதுக்கு வயசு வரட்டும், இரு" என்றார் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற சவரிராஜ்.

சாமியும் சிரித்துவிட்டு விளக்கினார். வருகிறவர்கள் வாசலில் சீட்டு எடுக்கவேண்டும். நீலச் சீட்டு வந்தால் முதல் உலகம்: வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, கோழி, புட்டிங். மஞ்சள் சீட்டு வந்தால் இரண்டாம் உலகம்: பெஞ்சு, ரொட்டி, பருப்பு. வெள்ளைச் சீட்டு வந்தால் மூன்றாம் உலகம்: தரையில் பாய், ஒரு கிண்ணம் வெறும் கஞ்சி. நீலச் சீட்டு பத்துப் பேருக்குத்தான். பெரும்பாலோர் பாயில்தான் உட்காரவேண்டியிருக்கும்.

"பாயில உட்கார்றவங்க பசியோட வீட்டுக்குப் போகணும். மேசையைப் பார்த்துகிட்டே போகணும். அப்பத்தான் மறுநாள் பூசைக்கு வரும்போது ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுவருவாங்க. படகேறித் தப்பிவந்த வியட்நாம் ஜனங்க செம்பவாங் முகாம்ல இருக்காங்க இல்லையா, அந்த அரிசி அவங்களுக்கு."

"சாமி, நம்ம சிங்கப்பூர் எந்த மேசையில உட்காரும்?" என்று கேட்டாள் பிலோமினம்மாள்.

சாமி தாடையைத் தடவினார். "எழுந்திருச்சு நிக்குதும்மா. பாயிலிருந்து எழுந்துடுச்சு, இன்னும் மேசைக்குப் போய்ச் சேரலை."

உர்சுலா தலையாட்டினாள், ஏதோ அவளைக் கேட்டுத்தான் சாமி சொன்ன மாதிரி. அல்போன்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு சமையல் பங்கீடு. முதல் உலகத்துக்கு உர்சுலா. இரண்டாம் உலகத்துக்குப் பிலோமினம்மாள். மூன்றாம் உலகத்துக்கு அல்போன்சம்மாள்.

"அரிசி, தண்ணி, உப்பு. அவ்வளவுதான். வேற எதுவும் கூடாதும்மா" என்றார் சாமி அவளைப் பார்த்து. அப்புறம் கருணையோடு இன்னொன்றும் சொன்னார்: "இது நல்லபடியா முடிஞ்சா, மாதா திருவிழாச் சமையலையும் இந்த வருஷம் வேற யார்கிட்டயாவது குடுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன். நீங்க ஒருத்தரே எத்தனை வருஷம்தான் சுமப்பீங்க?"

பாரம் இறக்கிவைப்பதாக நினைத்துத்தான் சொன்னார் அந்தப் பிள்ளை. அல்போன்சம்மாளின் கை தானாக இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டது. அவள் கண் உர்சுலாவிடம் போனது. உர்சுலாவோ கோழி எத்தனை வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்பதால் விருந்தைச் சனிக்கிழமை சாயங்காலம் வைத்தார்கள். அன்று காலையில் அல்போன்சம்மாள் பை எடுத்துக்கொண்டு தேக்கா பாசாருக்குப் போனாள், அரிசி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான். சத்தியமாக அரிசி மட்டும்தான். ஆனால் கோழிக்கடை வாசலில் உர்சுலா நின்றாள். கொழுகொழுவென்று கோழிகள், உருளைக்கிழங்கு, கேரட், பால் டின். சுற்றிலும் நாலு கோயில் பெண்கள், "அடுப்புப் பெட்டிக்குள்ள வெச்சா தீயாதா உர்சுலா? உள்ள வேகுமா?" என்று கேட்டபடி.

"அக்கா, நீங்க என்ன வாங்கணும்? கூட வரட்டுமா?" என்று கூப்பிட்டாள் உர்சுலா.

"எனக்கென்ன இருக்கு வாங்க? தண்ணி குழாயில வருது" என்றாள் அல்போன்சம்மாள்.

பெண்கள் சிரித்தார்கள். அவளோடு சேர்ந்துதான் சிரித்தார்கள், ஆனால் அவளுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. நேரே தேங்காய்க் கடைக்குப் போனாள். பிறகு பாசிப்பயறு. பிறகு பூண்டு, வெந்தயம், சின்ன வெங்காயம், வாசனைக்கு ஒரு கட்டுப் பாண்டான் இலை. இகான் பிலிஸ், அதுதான் நெத்திலிக் கருவாடு, ஒரு பொட்டலம். தேங்காய்த் துவையலுக்குக் காய்ந்த மிளகாயும் புளியும். பை கனத்தது. "சாமி கஞ்சி என்றார், கஞ்சிதானே வைக்கப்போகிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேற எதுவும் கூடாது என்று அவர் சொன்னது காதில் விழாத மாதிரி நடந்தாள்.

சாமிக்கும் ஒன்று தெரிந்திருக்கவில்லை. அவர் படித்த புத்தகத்தில் கஞ்சி என்றால் ஏழையின் சாப்பாடு. அந்தக் கோயில் ஜனங்களுக்கோ கஞ்சி என்றால் பெரிய வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து, நாள் முழுக்க ஒருசந்தி இருந்த வயிற்றோடு மண்டபத்துக்கு வந்தால் அல்போன்சம்மாளின் கஞ்சி ஆவி பறக்க நிற்கும். அதற்காகவே தீவின் கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் கஞ்சியைக் காட்டி, பசியைப் பாருங்கள் என்றால் எப்படி?

சாயங்காலம் மண்டப வாசலில் சாமி ஒரு மைலோ டின்னைக் குலுக்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராகக் கைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். சவரிராஜுக்கு வெள்ளை. பிலோமினம்மாளுக்கு மஞ்சள், தான் வைத்த பருப்பைத் தானே தின்னவேண்டிய கதி. உர்சுலா கைவிட்டாள், வெள்ளை. "பார்த்தீங்களா, மெல்போர்ன்காரி பாய்க்கு வந்துட்டா" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். உர்சுலா சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் போய்ச் சம்மணமிட்டாள்.

அல்போன்சம்மாள் கடைசியாகக் கைவிட்டாள். நீலம்.

"முதல் உலகம்! போய் உட்காருங்கம்மா" என்றார் சாமி.

வெள்ளை விரிப்பு. மடித்த நாப்கின். முள்ளும் கரண்டியும். அவள் இதுவரை கோயிலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அண்டாவின் அடியை வழித்து நின்றபடி தின்பவள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், திருச்சியில் உட்கார்ந்த மாதிரி. முன்னால் ஒரு தட்டில் உர்சுலாவின் கோழி. தோல் தேன் நிறத்தில் மினுங்கியது.

அப்போது இளம்பெண்கள் சமையற்கட்டிலிருந்து கஞ்சி அண்டாவைத் தூக்கிவந்து பாய்களுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தார்கள்.

பாண்டான் வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே பூண்டும் தேங்காய்ப்பாலும். நெய்யில் பொரிந்த சின்ன வெங்காயம் கடைசியில் வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது. வாழையிலை மூடிய சட்டியிலிருந்து துவையலும் பொரித்த இகான் பிலிஸும் எடுத்து ஒவ்வொரு கிண்ணத்தின் ஓரத்திலும் வைத்தார்கள்.

"சாமி, மூணாம் உலகம் இப்படியிருந்தா நான் இங்கயே குடியேறிடுறேன்" என்று பாயிலிருந்து கத்தினார் சவரிராஜ்.

ஒரே சிரிப்பு. பெஞ்சிலிருந்து முதலில் எழுந்தவள் பிலோமினம்மாள். "பருப்பு ஆறிடுச்சு" என்று யாரும் கேட்காத காரணத்தைச் சொல்லிக்கொண்டே பாயில் ஓர் இடம் பிடித்தாள். பிறகு வெள்ளை விரிப்பு மேசையிலிருந்து ஒருவர், இன்னொருவர். நாப்கினைக் கழுத்திலிருந்து உருவிப் போட்டுவிட்டு, "கொஞ்சம் நகருங்க" என்று பாயில் நுழைந்துகொண்டார்கள். சாமி, "உட்காருங்க, உட்காருங்க, அவங்கவங்க உலகத்துல உட்காருங்க" என்று கையை விரித்துக்கொண்டு அலைந்தார். யார் கேட்கிறார்கள்? கிண்ணத்தை வழிக்கும் சத்தம்தான் கேட்டது.

மேசையில் மிஞ்சியது அல்போன்சம்மாள் ஒருத்திதான். அவளும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் தன் கஞ்சிக்குத் தானே ஓடினால் நன்றாகவா இருக்கும்? அதனால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டாள், அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஜெயித்ததைப் பார்க்கத்தான் முடியவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கஞ்சியைக் குடிக்கிறவர்கள் மேல் அவளுக்கே பொறாமையாக இருந்தது.

சும்மா இருக்கக் கை கூசவே, கோழியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். உப்புக் கரிக்கவேண்டும், உள்ளே வேகாமல் இருக்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே மென்றாள். மாதா கேட்கவில்லை. கோழி நன்றாக இருந்தது. மிளகும் எலுமிச்சையும் சதைக்குள் இறங்கியிருந்தன. இன்னொரு துண்டு எடுத்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா." உர்சுலா ஒரு கிண்ணம் கஞ்சியோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்டா காலி. இது ரெண்டாவது கிண்ணம், சண்டை போட்டு வாங்கினேன். உங்களுக்குன்னு யாரும் எடுத்து வைக்கலை. இந்தாங்க, பாதி குடிங்க."

"நீ குடி. நான் வெச்சதுதானே. எனக்குத் தெரியாத ருசியா?"

உர்சுலா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "அக்கா, இந்தக் கோழியை மெல்போர்ன்ல வாரம் தவறாம சுட்டேன். ஒருநாள்கூட மேசையில உட்கார்ந்து தின்னதில்லை."

"ஏன், உன் அண்ணன் வீடுதானே?"

"அண்ணன் வீடுதான். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிடுவாங்க. சமையல், துணி, பிள்ளைங்க, எல்லாம் நான்தான். விருந்தாளி வந்தா அண்ணி சிரிச்சுகிட்டே சொல்வாங்க, 'திஸ் இஸ் உர்சுலா, ஃப்ரம் தி தேர்ட் வேர்ல்ட்'னு. அவங்களும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அப்புறம் கோழியை வெச்சிட்டு அடுக்களைக்குப் போயிடுவேன்."

அல்போன்சம்மாளுக்குப் பாவம் என்றுதான் இருந்தது. மனசு கல்லா என்ன? ஆனால் அந்தப் பாவத்துக்குப் பக்கத்திலேயே, சின்னதாக, பழைய எரிச்சலும் உட்கார்ந்திருந்தது. பாரேன், அழுவதற்குக்கூட இவளுக்கு ஒரு விமானப் பயணம் இருக்கிறது. நமக்கு வந்த துக்கமெல்லாம் இந்தத் தாழ்வாரத்தைத் தாண்டியதில்லை.

"கோழிக்கு என்ன போட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பீடத்துக்கு முன்னால் இரண்டு பெரிய மூங்கில் கூடைகள் வைத்திருந்தார்கள், அரிசி போட. பூசை முடியும்போது ஒரு கூடையின் அடிகூட மறையவில்லை. நாலைந்து சின்னப் பைகள், அதில் ஒன்று உர்சுலாவுடையது. அல்போன்சம்மாளும் கொண்டுவரவில்லை. அரிசி நினைப்பே அவளுக்கு இல்லை. எத்தனை பேர் கஞ்சியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்பதிலேயே காது போய்விட்டது. எல்லோரும்தான் பேசினார்கள். "அந்தத் துவையல் இருக்கே..." என்று பேசிக்கொண்டே கூடையைத் தாண்டிப் போனார்கள்.

சாமி பெண்களைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் பசியைக் கேட்டேம்மா. நீங்க விருந்து வெச்சிட்டீங்க" என்றார் அல்போன்சம்மாளிடம். "நிறைஞ்ச வயிறோட போனவங்களுக்குச் செம்பவாங் எப்படி ஞாபகம் வரும்?"

அவள் சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

"வர்ற சனிக்கிழமை மறுபடி நடத்துவோம். மேசை வேண்டாம், பெஞ்சு வேண்டாம். எல்லாருக்கும் பாய்தான். வெறும் கஞ்சி. உர்சுலா, நீங்க வைங்க. சாவியை அவங்ககிட்ட குடுத்துடுங்கம்மா."

வீட்டுக்குப் போகும் வழியில், ஜாலான் புசார் திருப்பத்தில், சவரிராஜ் ஆரம்பித்தார். "மூணாம் உலகத்தை ஒரே நாள்ல முதல் உலகமாக்கிட்டே. அப்புறம் எவன் அரிசி குடுப்பான்?"

"ரெண்டு கிண்ணம் குடிச்சீங்கல்ல, பேசாம வாங்க."

"மூணு" என்றார் அவர்.

சாவியைக் கொடுக்கத்தான் வேண்டும். சாமி வார்த்தை. ஆனால் இடுப்பு வெறிச்சென்று இருப்பதை நினைத்தாலே அவளுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஜாலான் புசாரில் ஐந்தடி நடைபாதையில் சாவி வெட்டும் ரவூப் பாயிடம் போனாள்.

"இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்க பாய்."

ரவூப் பாய் பழைய சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லெல்லாம் தேஞ்சு போச்சேம்மா. இதைப் பார்த்து வெட்டினா பொருந்துமோ பொருந்தாதோ."

"வெட்டுங்க. அதெல்லாம் பொருந்தும்."

எந்திரம் கீச்சிட்டது, பொறி பறந்தது. புதுச் சாவி கையில் வந்து விழுந்தது, பொன் மாதிரி. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் பழைய சாவி, கறுத்து, கோணி, எண்ணெய்ப் பிசுக்கோடு. புதுசை உர்சுலாவுக்கு வெட்டத்தான் வந்தாள். ஆனால் இப்படி மினுங்குவதை உர்சுலா இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தால்? எல்லோரும் பார்ப்பார்கள். முடியாது. புதுச் சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு, பழையதைக் காகிதத்தில் சுற்றி உர்சுலாவிடம் கொடுத்தாள்.

"பத்திரம்" என்றாள்.

"கண்ணு மாதிரி வெச்சுக்கிறேன்க்கா. ஒண்ணு கேக்கணும். கஞ்சியை ருசியில்லாம எப்படி வைக்கிறது?"

"அது உனக்குத் தானா வரும்" என்றாள் அல்போன்சம்மாள்.

சொல்லிவிட்டாளே தவிர, சனிக்கிழமை பாயில் உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கியதும் முதலில் முகர்ந்துதான் பார்த்தாள். ஒருவேளை இதுவும் நன்றாக இருந்துவிட்டால்? வாயில் ஊற்றினாள். தண்ணீர். அதற்குள் எங்கோ நாலு பருக்கை. உப்பு இருந்ததா என்று யோசிக்கவேண்டியிருந்தது. அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது. சுற்றிப் பார்த்தாள். சவரிராஜ் வெறும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். பிலோமினம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு, இன்னும் ஏதாவது வருமா என்று சமையற்கட்டுக் கதவையே பார்த்தாள். எதுவும் வரவில்லை. சாமி எழுந்து, "இதுதான். போய்ட்டு வாங்க" என்றார். எல்லோரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது என்று சாமி சொல்லியிருந்ததால் சவரிராஜ் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குள் நுழைந்த அல்போன்சம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கூடைகளும் நிரம்பி வழிந்து, பீடத்தின் படி வரைக்கும் அரிசிப் பைகள். தோளில் மூட்டை தூக்கி வந்தவர்களும் உண்டு. போன வாரம் வெறுங்கையோடு தாண்டிப்போன அதே ஜனங்கள்தான்.

"உர்சுலா வெச்ச கஞ்சிதான் சாமி இதுக்குக் காரணம்" என்று பிலோமினம்மாள் சொல்வது காதில் விழுந்தது. "ராத்திரி பூரா தூக்கமே வரலை, வயிறு கிள்ளுது. அப்பத்தான் அந்த ஜனங்களை நினைச்சேன்."

அல்போன்சம்மாளும் இந்த முறை ஒரு பை கொண்டுவந்திருந்தாள். நல்ல அரிசி, பெரிய பை. அதைப் படியில் வைத்தபோது பக்கத்தில் உர்சுலாவின் பை இருந்தது. அது இன்னும் பெரிசு. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பூசை தொடங்குவதற்குள் வேகவேகமாக வீட்டுக்கு நடந்து, வீட்டு அரிசி டின்னை அப்படியே கவிழ்த்துப் பையில் கொட்டிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். செம்பவாங்கில் அதைத் தின்ற பிள்ளைகளுக்கு அது எந்த மனசிலிருந்து வந்த அரிசி என்று தெரியாது. அவர்களுக்குத் தெரியவும் வேண்டாம்.

பூசை முடிந்ததும் மூட்டைகளையெல்லாம் சமையற்கட்டில் அடுக்கினார்கள், லாரி வரும் வரைக்கும். கூட்டம் வாசலில் நின்றது.

"பூட்டிடுங்கம்மா" என்றார் சாமி, பழக்கத்தில், அல்போன்சம்மாளைப் பார்த்து.

அவள் இடுப்பிலிருந்து புதுச் சாவியை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, பளபளவென்று. பூட்டுக்குள் விட்டாள். போனது. திருப்பினாள். திரும்பவில்லை. வெளியே இழுத்து, முந்தானையால் துடைத்து, மறுபடி விட்டாள். அசையவில்லை.

"எண்ணெய் போட்டாத்தான் ஆகும்" என்றார் ஒருவர். "இடது பக்கமா திருப்பிப் பாரு" என்றார் சவரிராஜ். அவளுக்கு ரவூப் பாய் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

உர்சுலா கூட்டத்திலிருந்து வந்தாள். கையில் பழைய சாவி. அவளே பூட்டியிருக்கலாம், பூட்டியிருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு. அவள் அதை அல்போன்சம்மாளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"இது உங்க கைக்குத்தான்க்கா பழகினது. எனக்கு நேத்து திறக்கிறதுக்குள்ள கை வலிச்சுப்போச்சு. நீங்களே வெச்சுக்குங்க. திருவிழாவுக்கும் நீங்கதான். நான் வேணா வெங்காயம் நறுக்கித் தர்றேன். என்ன சாமி?"

"நல்லது" என்றார் சாமி. "ஆனா பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சியில மட்டும் யாரும் கைவைக்கவேணாம். அல்போன்சம்மா வைக்கிற மாதிரியே இருக்கட்டும்."

பழைய சாவி ஒரே திருப்பில் பூட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அல்போன்சம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. கறுத்த சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். எது போய்விடுமோ என்று இத்தனை நாள் துடித்தாளோ, அது திரும்பி வந்துவிட்டது.

"அப்ப இந்தப் புதுச் சாவியை என்ன பண்றது?" என்று கேட்டார் சவரிராஜ்.

"எனக்குக் குடுங்கண்ணே. திறக்காட்டா என்ன, அழகா இருக்கு. அலமாரிச் சாவிக்கொத்துல போட்டுக்கிறேன்" என்றாள் உர்சுலா.

கொடுத்துவிட்டாள் அல்போன்சம்மாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தார்கள். உர்சுலா கோழிக்குப் போடும் மசாலாவைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இவளும் கேட்டுக்கொண்டேதான் வந்தாள். ஆனால் கண் மட்டும், உர்சுலாவின் விரலில் ஆடிக்கொண்டிருந்த அந்தச் சாவியை விட்டு நகரவில்லை. ஜாலான் புசார் வெயில் அதில் பட்டுப் பட்டுத் தெறித்தது.

எந்தப் பூட்டையும் திறக்காத சாவிதான். ஆனாலும் என்ன மினுக்கு மினுக்குகிறது பார், என்று நினைத்துக்கொண்டாள் அல்போன்சம்மாள்.